என் பேரில் ஒரு கையெழுத்து

1984, ஆடி அமாவாசை. தாராவி.

ஒரு தகராறில் அப்பா அடிச்ச ஆள் செத்துட்டான். வெள்ளைக்காரன் காலம், அப்பாவை அந்தமானுக்கு அனுப்பினாங்க. அங்கேயே காலமாகிட்டார், திதி தெரியலைன்னு அண்ணன் வருஷா வருஷம் இந்த நாளில் எள்ளும் தண்ணியும் இறைக்கிறான். திதியைக் கேட்டு அண்ணன் பேரில் அந்தமான் ஜெயிலுக்கு நான்தான் எழுதிப்போட்டேன்.

இன்னிக்கு பதில் வந்துச்சு. விடுதலையாகி அங்கேயே குடும்பமாகி, போன வருஷம்தான் அப்பா இறந்தாராம். ஜெயில்காரங்க கடிதத்தை அனுப்பிவைக்க, பதில் எழுதினது அவரோட அந்தமான் மகள். "அக்கா செத்துட்டான்னு அண்ணாச்சி எழுதினீங்களாமே, அவ பேரைத்தான் எனக்கு வச்சார்." கீழே கையெழுத்து, செல்லக்கனி. என் பேர்.

சயான் குளத்துக்கு ஓடினேன். தர்ப்பணம் முடிச்சு ஈரத்துண்டோட நின்னான் அண்ணன்.

"ஏளா, கொலைகாரன் மகளை எவன் கட்டுவான்? அவர் திரும்பி வந்திரக்கூடாதுன்னுதான் அப்படி எழுதினேன்."

நான் செத்த திதின்னு அப்பாவுக்கு எந்த நாளைச் சொன்னானோ.