அணிலைக் கூப்பிட்டேன்

அன்பு யோலா, உன் முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம், என் கால்சட்டைதான் நலமில்லை. ஞாயிறன்று வார்சாவில் வாஜியென்கி பூங்காவுக்குப் போய், அணிலுக்கு வால்நட் நீட்டக் குந்தினேன், பின்பக்கம் கிழிந்துவிட்டது.

பக்கத்திலிருந்த கிழவி சிரித்தாள். "பேர் சொல்லாம நீட்டினா எந்த அணில்யா வரும்? 'பாசியா'ன்னு கூப்பிடும்!"

அங்கே எல்லா அணிலுக்கும் அதுதானே பெயர். நம் மகளைப் புதைத்த பிறகு அந்தப் பெயரை நான் சொன்னதே இல்லை. மெல்லக் கூப்பிட்டேன். அணில்கள் அப்படியே அசையாமல் நின்றன. மரத்துக்குப் பின்னாலிருந்து, "இதோ வரேம்ப்பா" என்றது அவள் குரல். எட்டிப் பார்த்தேன், யாருமில்லை. தொப்பியால் கிழிசலை மறைத்துக்கொண்டு நடையைக் கட்டினேன்.

"ஏன்யா, பொண்ணு வரேங்குது, நீர் பாட்டுக்குக் கிளம்புறீரே?" என்றாள் கிழவி.

பயப்படாதே, காற்றாக இருக்கும். தடித்த நூலும் ஊசியும் அனுப்பு. டிராம் ஏறும்வரை, இன்னொரு முறை கூப்பிட நாக்கு துடித்தது. கூப்பிடவில்லை.

உன் ஸ்டாஷெக்