செப்டிக் டேங்க் லாரி வரும் நாள்

மாண்புமிகு புவியியல் துறைத்தலைவர் அவர்களுக்கு,

நீங்கள் நடை முடித்து வருவதற்குள் பஸ் போய்விடும். திசையன்விளைக்கு, லில்லி அக்கா வீட்டுக்குப் போகிறேன். சாளைக் குழம்பு சட்டியில் இருக்கிறது, சுடவைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் புதிய பட்டப்படிப்பின் பாடத்திட்டத்தை முழுசாகப் படித்தேன். ‘சுற்றுச்சூழலும் சமூகமும்’. பெயரெல்லாம் பிரமாதம்! மூன்று வருஷமும் பிள்ளைகள் அமேசான் காட்டைப் படிப்பார்கள், ஆர்க்டிக் பனியைப் படிப்பார்கள். நம் ஊர் ஆறு தாமிரபரணிக்கு ஒரு வரிகூட இல்லை. நேற்று அதைச் சொன்னதற்குத்தானே, “ஸ்கூல் டீச்சருக்கு இதெல்லாம் வெளங்காது” என்றீர்கள்?

சரி, விளங்காதவள் உங்களுக்கு ஒரு களப்பணி தருகிறேன். இன்று செப்டிக் டேங்க் லாரி வரும். பின்கேட் சாவி ஃப்ரிட்ஜ் மேல் இருக்கிறது. உறிஞ்சி எடுத்ததை எங்கே கொட்டுவார் என்று டிரைவரிடம் கேளுங்கள். போன தடவை நான் கேட்டேன். “ஆத்துப் பக்கந்தான்க்கா, வேற எங்கன கொண்டு போக?” என்றார். ஓடி வந்து உங்களிடம் சொன்னேன். நீங்கள் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கவேயில்லை. “ஏளா, அவன் எங்கன கொட்டுனா நமக்கென்ன?” என்றீர்கள். அப்போது தட்டிக்கொண்டிருந்ததும் இதே பாடத்திட்டத்தைத்தான்!

டார்லின்

பி.கு.: சாயங்காலம் குழாயில் தண்ணீர் வரும், குடத்தில் பிடித்து வையுங்கள். அதுவும் அந்த ஆற்றுத் தண்ணீர்தான். காய்ச்சாமல் குடித்துவிடாதீர்கள். ‘நமக்கென்ன’ என்று உங்கள் வயிறு சொல்லாது.