கனடாவின் காலையில் நம் ஆம்பூர்

என் ரோசி அக்கா,

முதலில் நல்ல சேதி. உன் மகள் பிரிசில்லா டிவியில் காலை நிகழ்ச்சி நடத்துகிறாள். கனடாவில் ஒரு சின்ன ஊரில். அங்கேயும் ஊருக்கென்று ஒரு டிவி இருக்கிறதாம். எந்த ரோட்டில் பனி, எந்தப் பள்ளிக்கு லீவு, யார் வீட்டு நாயைக் காணோம், எல்லாம் விடிந்ததும் சொல்லிவிடுகிறார்கள். நம் ஆம்பூர் லோக்கல் கேபிளில் நீயும் நானும் கரண்ட் கட், தண்ணீர் வரும் நேரமெல்லாம் வாசித்துவிட்டு ஷூ கம்பெனிக்கு ஓடுவோமே, அதே வேலைதான். நாற்காலி மட்டும் கொஞ்சம் உசத்தி.

நீ விமானம் ஏற்றிவிட்ட பிள்ளை, படிப்பை முடித்து அங்கேயே டிராஃபிக் செய்தி சொல்லிக்கொண்டிருந்தாள். போன மாதம், நிகழ்ச்சி நடத்திய பெண் பிரசவத்துக்காக வேலையையே விட்டுவிட்டார். "ஒரு வாரம் உட்கார்ந்து பார், சரியாக வந்தால் இடம் உனக்கு" என்று சொல்லியிருக்கிறார்கள். அவள் அழாத குறையாக எனக்குப் போன் பண்ணினாள். "பயமா இருக்கு சித்தி. வாய் கொழறினா இன்னா பண்றது?"

"உங்கம்மாக்குக் கொழறாத நாளே கெடையாதுடி. சிரிச்சிட்டு அடுத்ததுக்குப் போய்டுவா" என்றேன். நிஜம்தானே அக்கா?

நாலு நாள் நன்றாகப் போனது. கடைசி நாள் அங்கே பயங்கரப் பனி. பேட்டிக்கு வரவேண்டிய சமையல்காரர் வழியிலேயே மாட்டிக்கொண்டார். நேரலை. அவரை நம்பி ஒதுக்கிய நேரம் முழுக்கக் காலி. பிரிசி என்ன செய்தாள் தெரியுமா? விளம்பர இடைவெளியில் எனக்கு வீடியோ கால் போட்டாள்.

அங்கே காலை ஏழு, இங்கே சாயங்காலம் ஐந்தரை. ஷிஃப்ட் விட்டு நான் கம்பெனி கேட்டுக்கு அப்போதுதான் வந்திருந்தேன்.

"சித்தி, லைவ்ல இருக்கோம். ஊரைக் காட்டுங்க!"

போனைத் திருப்பினேன். நல்ல வெயில். டிபன் பையோடு நம் பெண்கள் கும்பல் கும்பலாக வெளியே வருகிறார்கள். எதிரில் பிரியாணிக் கடைக்காரர் தேக்சா மூடியைத் திறக்க, ஆவி புகையாய்க் கிளம்பியது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து கூட நிகழ்ச்சி நடத்தும் வெள்ளைத்தாடிக்காரர் வாயைப் பிளந்துவிட்டார். இங்கே என்ன செய்கிறார்கள் என்று அவர் கேட்க, பிரிசி தமிழில் என்னிடம் கேட்டாள்.

"ஷூ" என்றேன். "அவரு கால்ல போட்டிருக்கிறது எங்க செஞ்சதுன்னு பாக்கச் சொல்லு."

மனுஷன் அங்கேயே குனிந்து ஷூவைக் கழற்றி உள்ளே பார்த்தார். பிறகு அதைத் தூக்கிக் கேமராவுக்கு நேராகக் காட்டினார். இந்தியா என்று போட்டிருந்தது! இங்கே எழுந்த கூச்சலைக் கேட்டிருக்க வேண்டுமே நீ. "நம்ம லைன்ல செஞ்சதுதான் அது!" என்று ஒருத்தி குதிக்கிறாள். நம் ஸ்டிச்சிங் விஜயா மட்டும் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, "தையல் பிரியாம இருக்குதான்னு கேளும்மா" என்றாள்.

பிரிசி சிரித்துக்கொண்டே அவருக்குச் சொன்னாள். ரெண்டு குளிர்காலம் தாங்கியிருக்கிறது என்றாராம். விஜயா வெட்கத்தில் என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

ஒதுக்கிய நேரம் போதவில்லை அக்கா. முடிக்கச் சொல்லிக் கை காட்டினார்கள் போல. அவள் கண்ணாலேயே எனக்கு டாட்டா காட்டினாள்.

மறுநாள் அவளே கூப்பிட்டாள். வேலை நிரந்தரமாகிவிட்டது! நாங்கள் ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தியதில் ஒன்றும் விளங்கவில்லை. அடங்கிய பிறகு மெதுவாகக் கேட்டாள். "அம்மா இருந்திருந்தா இன்னா சொல்லியிருப்பாங்க சித்தி?"

"லிப்ஸ்டிக் ஜாஸ்தின்னு சொல்லியிருப்பா" என்றேன். சிரித்தாள். பிறகு வெகுநேரம் அழுதாள். நானும்தான். சொல், நீ வேறு ஏதாவது சொல்லியிருப்பாயா?

கோடை வந்ததும் என்னை அங்கே வரச் சொல்கிறாள். பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுத்தாயிற்று. நிச்சயம் போவேன் அக்கா. அவள் விடியுமுன் வேலைக்குக் கிளம்பும்போது, வெறும் வயிற்றோடு விடமாட்டேன். நீ செய்ததுபோலத் தலையில் கை வைத்து ஜெபம் பண்ணி அனுப்புவேன். எனக்கு உங்கள் ஜெப வார்த்தை தெரியாது. உன் பெயரைச் சொல்லித் தொடங்குகிறேன், மீதியைக் கர்த்தர் புரிந்துகொள்ளட்டும்.

உன் கூடப் பிறக்காத தங்கச்சி,
பிரிசிக்குச் சித்தி,
சுமதி