நடுக்களத்துப் பழக்கம்

அன்புள்ள அப்பாவுக்கு,

பக்கத்து அறையிலிருந்துதான் எழுதுகிறேன். நேரில் சொல்ல வாய் வராது.

ஊர் ஊராகப் போய்க் கால்பந்தில் நடுக்களத்தில் ஆடியவர் நீங்கள். பந்து வருமுன் பின்னால் ஒருமுறை பார்த்துக்கொள்வீர்கள். இப்போது நீங்கள் கோச்சாக இருக்கும் கல்லூரியில், பயிற்சியின்போது சுருண்டு விழுந்த உங்கள் மாணவன் எழுந்திருக்கவே இல்லை. அன்றிலிருந்து நீங்கள் மைதானத்துக்குப் போவதில்லை; சாப்பிடும்போதும் திரும்பிப் பார்க்கிறீர்கள். பின்னால் சுவர்தான் இருக்கிறது.

இன்று உங்கள் அணியின் கேப்டன் வந்தான். "கோச் இல்லாம பசங்க ஆடமாட்டேங்கறாங்கக்கா. நாளைக்கு மேட்ச்சு. சும்மா வந்து திட்டிட்டாவது போகச் சொல்லுங்க."

வீட்டின் முதல் பட்டதாரியான எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியவில்லை. பந்து வாங்குபவரை யாரும் நெருங்காதபோது மைதானத்தில் கத்துவார்களே, அதையே எழுதுகிறேன்: "பின்னால யாருமில்ல, ஆடுங்க!"

எழுதுமுன் நானும் ஒருமுறை திரும்பிப் பார்த்தேன்.

உங்கள் மகள்