கன்றில் தடவிய மருந்து

நோர்வூட்.

அன்புள்ள மகன் வினோஜனுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் இருக்கிறோம், நீ கொழும்பில் கடை வேலையோடு வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடி இருக்க மாரியம்மாவைக் கும்பிடுகிறோம். அண்ணா, அம்மா சொல்லச் சொல்ல தனுஷிகா நான்தான் எழுதுகிறேன், அவர் அழுகிற இடங்களை நானாக நிரப்புகிறேன். போனில் சொல்லத்தான் இரண்டு தடவை உன்னைக் கூப்பிட்டார், மழையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டார்.

பக்கத்துக் காம்பரா வீட்டு அழகுமுத்து மாமா கெட்டுப்போன கறி தின்று செத்தார் என்றுதான் உனக்குச் சொன்னோம். அது முழு உண்மை இல்லை. காடாகிப்போன ஏழாம் நம்பர் தேயிலை மலையிலிருந்து புலி இறங்கி நம் கன்றைக் கொன்று பாதியைத் தின்றுவிட்டுப் போனது. அது சிறுத்தை என்று நான் திருத்தினால், எதுவா இருந்தா என்னடி, கன்னு போச்சுல்ல என்கிறார் அம்மா. மிச்சத்துக்கு அது திரும்பி வரும் என்று அப்பா மரக்கறிக்கு அடிக்கிற பூச்சிமருந்தைக் கன்றின் உடம்பில் தடவிவிட்டு வந்தார், சிறுத்தையைக் கொன்றால் ஜெயில் என்பதால் யாரிடமும் சொல்லவில்லை. வெயிலிலிருந்து புல்லுக்கு, புல்லிலிருந்து கன்றுக்கு, கன்றிலிருந்து சிறுத்தைக்கு என்று சக்தி போகும், ஒவ்வொரு படியிலும் பெரும்பகுதி வெப்பமாகப் போய் பத்தில் ஒரு பங்குதான் மேலே ஏறும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தேன், அதனால்தான் மலை நிறையப் புல் இருந்தும் சிறுத்தை ஒன்றோ இரண்டோதான். ஆனால் அப்பா தடவியது அந்தக் கணக்குக்குக் கட்டுப்படவில்லை, நேர்கோட்டிலும் போகவில்லை. சிறுத்தை வரவே இல்லை. காகங்கள் செத்தன, பிறகு ஒரு கீரி. காட்டுப் பன்றியும் பிணம் தின்னும் என்பதை அப்பா நினைக்கவில்லை.

கன்றைத் தின்றுவிட்டு ஓடையில் விழுந்து கிடந்த ஒரு பன்றியை, எவனோ வைத்த சுருக்கில் அடிபட்டு வந்தது என்று நினைத்து மாமா வெட்டினார். வழக்கம்போல நமக்கும் பங்கு கொண்டுவந்து, என்ன மச்சான், கன்னுக்காகத் தாடி வளக்கப் போறீங்களா, இதத் தின்னுட்டு அழுங்க என்று அப்பாவைக் கேலி செய்தார். அப்பா வாங்கிக்கொண்டார். மாமா போனதும் சமைக்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுக் தண்ணீர் ஓடும் கானுக்குப் பின்னால் புதைத்தார், மாமாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நெருப்பில் வெந்தால் மருந்து போய்விடும் என்று நினைத்தாராம். அப்ப நம்ம பங்க ஏன் பொதச்சீங்க என்று பிறகு அம்மா கேட்டார். இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவருக்கு மேலே திறப்புத்தானே, அன்று கறி வாசம் நம் பக்கம் வந்ததும் அப்பா எழுந்து வெளியே போய்விட்டார்.

மாமாவையும் அத்தையையும் கொண்டுபோன ஆஸ்பத்திரியில், உள்ளே போனது என்ன மருந்து என்று டாக்டர் எல்லோரையும் கேட்டார், யாருக்குத் தெரியும்? அப்பா மறுநாள்தான் போய்ச் சொன்னார். குழம்பு மட்டும் ஊற்றிக்கொண்ட வீரம்மா அத்தை பிழைத்தார், மாமாவுக்குப் பிந்திவிட்டது. அங்கிருந்தே அப்பாவைப் போலீஸ் கூட்டிப்போனது, அவர் போனுக்கு வராதது அதனால்தான்.

மாமாவின் மகன் திலக்ஷன் அண்ணா இதையெல்லாம் முழுசாக நேற்றுத்தான் கேள்விப்பட்டார். சத்தம் போடவில்லை. நம் வாசலில் நின்று, வினோஜனுக்குத் தெரியுமா என்று மட்டும் கேட்டார். தெரியாதுப்பா என்றார் அம்மா. நம்பினாரா என்று தெரியவில்லை. கருமாதி முடிந்ததும் கொழும்பில் நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து தங்கியிருக்கும் அறைக்குத்தான் அவர் வரவேண்டும், வேறு இடமில்லை. அவன் அடித்தால் வாங்கிக்கொள் என்கிறார் அம்மா, அப்பாவுக்காகப் பரிந்து பேசாதே, நெருப்பில் போய்விடும் என்று நினைத்தார் என்கிற கதையைச் சொல்லாதே. உனக்கும் அவனுக்கும் சேர்த்துத்தான் மாரியம்மாவிடம் வேண்டிக்கொள்கிறாராம். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, அவன் கேட்கும்வரை காத்திருக்காமல் எனக்கு எல்லாம் தெரியும் என்று நீயே முதலில் சொல்லிவிடு, நம் வீட்டில் இன்னொரு ஆளும் வாயை மூடிக்கொண்டு இருக்கக் கூடாது.

இப்படிக்கு,
உன் அம்மா நாகலெட்சுமி