ஒரே படத்தில் செல்வியும் மலரும்

என் அருமை அப்பாவுக்கு,

இந்தப் பிறந்தநாளுக்குப் படம் எடுக்க நீங்கள் இல்லை. பதுளை கடைவீதியில் நம் ஸ்டூடியோவை இப்போது நான்தான் திறக்கிறேன். தெமோதரைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வருகிறவர்கள் இன்னமும் உங்களைத்தான் கேட்கிறார்கள். என்னைப் பார்த்ததும் முகம் தொங்கிவிடுகிறது, என்ன செய்ய?

மலர் காய்ச்சலில் போனபோது எங்களுக்கு ஐந்து வயது. இரட்டையரில் ஒருத்தி போனதும் அம்மா சாப்பாட்டை விட்டார். அவரைத் தேற்றத்தான் அந்த வேலையைத் தொடங்கினீர்கள். லென்சில் பாதியைக் கறுப்பு அட்டையால் மறைத்து, என்னை பெஞ்சின் இடப்பக்கம் உட்காரவைத்து ஒரு தடவை. அட்டையை மாற்றி, மலரின் மஞ்சள் கவுனில் என்னையே வலப்பக்கம், அதே ஃபிலிமில் இன்னொரு தடவை. படத்தில் இரண்டு பேரும் இருப்போம். "கைய இழுத்துக்க செல்வி, தங்கச்சிக்கு எடம் வேணும்ல" என்பீர்கள். வெறும் பெஞ்சில் நானும் கையை இழுத்துக்கொள்வேன்.

வருஷா வருஷம் எங்கள் பிறந்தநாளன்று எடுத்தீர்கள். மலரும் என்னோடு வளர்ந்தாள். அவளுக்கும் நரைத்தது.

மேற்கு ஆப்பிரிக்காவில் ஒரு ஸ்டூடியோக்காரரைப் பற்றிப் போனில் படித்தேன். இரட்டைப் பிள்ளைகளில் ஒன்று இறந்தால், மிஞ்சியதை இரண்டு தடவை எடுத்து ஒன்றாக ஒட்டிக் கொடுப்பாராம். பைத்தியம் நம் வீட்டுக்கு மட்டும் இல்லை என்று ஆறுதலாக இருந்தது. அந்தப் பிள்ளைகளுக்கும் கண்ணாடி பார்க்கப் பிடிக்காமல் போயிருக்குமா?

இந்த வருஷம் வேண்டாம் என்றுதான் இருந்தேன். அம்மாவுக்கு இப்போது மறதி. ஆனாலும் பிறந்தநாளன்று காலையில் தானே படியேறி ஸ்டூடியோவுக்கு வந்துவிட்டார்.

"மலரு, படம் புடிக்கலையாடி?"

"நான் செல்விம்மா. மலருதான் இல்லையே."

அம்மா என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தார். "செல்விதான்டி காய்ச்சல்ல போனது. ஒங்கப்பாவுக்கு எப்பவுமே ஒங்கள அடையாளம் தெரியாது. சொன்னா மனசு ஒடஞ்சிருவாருன்னு விட்டுட்டேன்."

மறதியில் பேசுகிறார் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் எங்களைப் பிரித்துச் சொல்ல அம்மாவால் மட்டும்தான் முடியும் என்று நீங்களே சொல்வீர்கள். அந்த வயதுக்கு முந்தியது எதுவும் எனக்கு ஞாபகமில்லை. நீங்கள் செல்வி என்று கூப்பிட்டீர்கள், நான் வந்தேன். பயமாக இருக்கிறது அப்பா.

வழக்கம்போல் இரண்டு பேராகவே படம் எடுத்து, சட்டம் போட்டுக் கொடுத்தேன். நீங்கள் இருந்தவரை அம்மா அந்தப் படங்கள் எதிலும், செத்தவர்களுக்கு வைப்பதுபோல் குங்குமம் வைத்ததில்லை. இந்தத் தடவை வைத்தார். இடப்பக்கம், செல்வியின் நெற்றியில்.

அம்மா இருக்கும்வரை இரண்டு பேரையும் எடுத்துக் கொடுப்பேன், நீங்கள் கவலைப்படாதீர்கள். அங்கே உங்களோடு இருக்கிறவளிடம் பெயரை மட்டும் கேட்டு வையுங்கள்.

உங்களுக்கு மிஞ்சிய மகள்