அக்காவுக்குக் குறைந்த ஒரு மார்க்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

நேற்று நர்ஸ் வேலைக்கான கணக்குத் தேர்வு எழுதினேன். 3x + 6 = 12 என்பதற்குச் சமமான சமன்பாடு எது என்று கேட்டிருந்தார்கள். கொடுத்திருந்த விடைகளில் x + 2 = 4, 3x = 6 இரண்டுமே சரியாக வந்தன. திகைத்துப்போய்க் கை தூக்கினேன். மேற்பார்வையாளர் தாளை வாங்கிப் பார்த்தார். “போன வருஷமும் இதே கேள்விதானேம்மா,” என்று அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

என்னோடு ஒரே அறையில் தங்கியிருக்கும், நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், போன வருஷம் ஒரே ஒரு மார்க்கில் தோற்று, இங்கே ஆஸ்பத்திரியில் என்னைப் போலவே தரை துடைக்கிறார். மேற்பார்வையாளரிடம் அவருடைய பழைய தாளை எடுத்துப் பார்க்கச் சொன்னேன். 3x = 6 என்று எழுதியிருந்தார். அதைத் தப்பு என்று அடித்திருந்தார்கள்.

இன்று அக்காவுக்குப் பாஸ் போட்டுவிட்டார்கள். “ஒரு வருஷம்டி,” என்று மட்டும் சொன்னார் அக்கா. நாளை வேறு ஊருக்கு நர்ஸாகப் போகிறார்.

ஞாயிற்றுக்கிழமை போனில் கொஞ்சம் அதிக நேரம் பேசுங்கள், அப்பா. டியூட்டிக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மகள்